மாவாகாத கிழங்கு

மார்கழிப் பௌர்ணமி அன்று காலை ஐந்து ஐம்பதுக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். பௌர்ணமி நாளில் திருவண்ணாமலை வண்டியில் இடம் பிடிப்பதும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதும் ஒன்றுதான். முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு ஏறியதால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நடத்துனர் வந்து, "லக்கேஜ் எதுனா இருக்காம்மா?" என்றார். கிழங்கு கொண்டுவர மடியில் மடித்து வைத்திருந்த கோணிப்பையைத் தூக்கிக் காட்டினேன். "காலி சாக்குக்கெல்லாம் டிக்கெட் இல்ல" என்று சிரித்துவிட்டு, கீழ்பென்னாத்தூருக்கு நாற்பது ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், இதே தடத்தில் இரண்டு கட்டு மரவள்ளிக் குச்சியோடு போனேன். அன்றைக்கு இருந்த நடத்துனர், "வெறகுக் கட்டையெல்லாம் பின்னாடி போடும்மா, வர்றவங்க கால்ல இடிக்குது" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "கண்ணைத் தொறந்து பாருய்யா, இதுவா வெறகு? விதை!" என்று வண்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கட்டுக்கும் லக்கேஜ் போட்டுவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் இல்லை. மரவள்ளிக்கு யாரும் விதை தூவுவதில்லை. தண்டைச் சாண் சாணாக நறுக்கி மண்ணில் ஊன்றினால் அதுதான் பயிர்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கிழங்கு சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றேன். பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறேன். எனக்குக் கிழங்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரும். நாலைந்து வருஷமாக அந்தக் கிழங்குக்கு என்ன கேடு வந்ததோ, ஒரு லோடு எண்ணெயில் விழுந்ததும் கறுக்கும், அடுத்த லோடு எண்ணெயைக் குடிக்கும், அதற்கடுத்தது கசக்கும். லாரி டிரைவரைப் பிடித்துத் திட்டினால், "என்னைத் திட்டி என்னாக்கா பண்றது? அங்க வெயில் ஜாஸ்தி, கெணத்துல தண்ணி கம்மி, அப்புறம் ஒரேயடியா கொட்டித் தீக்குது" என்பார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். என் கூடப் பிறந்த தம்பி சேகருக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. காலகாலமாக மல்லாட்டை போடுகிறவன். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. அவனிடம் போய் உட்கார்ந்துகொண்டு, "டேய், மல்லாட்டை பூக்கற நேரத்துல மழை இல்லன்னா போச்சு, புடுங்கற நேரத்துல மழை வந்தா போச்சு. மரவள்ளிக்கு இந்த வம்பே கிடையாது. வெயிலுக்கு அஞ்சாத பயிர். நட்டுட்டு நீ பாட்டுக்குப் போ, பத்து மாசம் கழிச்சு வந்து புடுங்கு" என்று ஓதினேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு இல்லாமல் போயிற்று. சேகர் சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் கிணற்றில் கூடக் குதிப்பான்.

குச்சியை அந்த லாரி டிரைவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். காசு நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "குச்சிக்குக் காசு வாங்கக் கூடாதுக்கா. நீயும் யாரு வந்து கேட்டாலும் சும்மா குடு. கேட்டு வர்றதுக்கு ஒரு ஆள் இருக்கற வரைக்கும் அதை அடுப்புல மட்டும் வெச்சிடாத" என்றார். நான் அதை அப்படியே சேகரிடம் சொன்னேன். முதல் வருஷம் அவனுக்குக் கிழங்கு தொடை தொடையாக விழுந்தது. அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் குச்சி கேட்டு வாங்கிப் போனார்கள். இரண்டாம் வருஷம் பாதிதான். மூன்றாம் வருஷத்துக்குத்தான் இப்போது போகிறேன்.

இரண்டு நாளைக்கு முன்னால் சேகர் போன் செய்தான். "அக்கா, நீ வந்து ஒரு தரம் பாரு. கிழங்கு உனக்குத்தான் தெரியும். தேறும்னு நீ சொன்னா இன்னொரு வருஷம் ஓட்டறேன். தேறாதுன்னா தை பொறந்ததும் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன். வேளச்சேரில ஒரு அப்பார்ட்மென்ட்ல கூப்புடறாங்க" என்றான். நாற்பத்தாறு வயசில், நிலத்தை விட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறான். அதை நான் போய்த் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். திருடனையே கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பண்ணச் சொன்ன கதை.

செஞ்சி, 6.50. வண்டி பத்து நிமிஷம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், சூடு மட்டும்தான் இருந்தது. பனி இறங்கிப் பாறைகள் எல்லாம் ஈரமாக இருந்தன. பக்கத்து இருக்கையில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா, "நீங்களும் கிரிவலந்தானே?" என்றார். "இல்லம்மா, கிழங்கு பாக்கப் போறேன்" என்றேன். "நல்லா இருக்கு போங்க! அண்ணாமலையான் கூப்புடற நாள்ல கிழங்கு பாக்கவா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். செஞ்சியைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் பள்ளமான நிலங்களில் இன்னும் தண்ணீர் நின்றது. கார்த்திகையில் பெய்த மழை. சாய்ந்த நெல்லின் மேலேயே புதுப் புல் முளைத்திருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லி, பைக்குள்ளிருந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கீழ்பென்னாத்தூர், 7.35. சேகர் மொபெட்டோடு நின்றிருந்தான். போன தீபாவளிக்குப் பார்த்ததற்கு இளைத்திருந்தான். "சாப்புடறது இல்லியா, இல்ல கலா போடறது இல்லியா?" என்றேன். கலா அவன் மனைவி. "ரெண்டும்தான்" என்றான். பஜாரில் மல்லாட்டை மூட்டைகள் ஏற்றிய வேன் ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்காத மாதிரி அவன் வண்டியை ஒடித்து ஓட்டினான். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவன் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். போகும்போது தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தான். வைகாசியில் கிணறு வற்றிவிட்டது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சொட்டு இல்லை. செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நின்றது, ஆனால் சாகவில்லை. "நீ சொன்ன மாதிரியே வெயிலை ஜெயிச்சிடுச்சுக்கா" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரியாதவன் சொன்னது இன்னும் ஆழமாகக் குத்தியது.

போன வருஷம் திருவண்ணாமலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் என்று போயிருந்தான். ஒரு சின்னப் பெண் திரையில் வரைபடம் போட்டுக் காட்டியதாம். இனி வரப்போகிற சூட்டுக்கு எந்தப் பயிர் எங்கே தாங்கும் என்று கலர் கலராக இருந்ததாம். அன்றைக்கு அவன் எனக்குப் போன் செய்து, "அக்கா, நெல்லு செவப்பு, மல்லாட்டை மஞ்சள், நம்ப கிழங்கு மட்டும் பச்சை! நீ சொன்னதையே அந்தப் பொண்ணும் சொல்லுது" என்று கத்தினான். நான் அந்தச் சந்தோஷத்தில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கை சிப்ஸ் கூடப் போட்டேன்.

இப்போது அதைக் கேட்டேன். "அந்தப் பச்சை என்னாச்சுடா?"

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லக்கா. வருஷத்துக்கு எவ்ளோ சூடு, எவ்ளோ மழைன்னு பாத்து கலர் அடிச்சிருக்கு. இந்த வருஷமும் மழைல கம்மி இல்லியே. பத்து மாசத்துல வர வேண்டியது நாலு நாள்ல வந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்."

நிலம், 8.10. இரண்டு ஏக்கரும் கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். பார்ப்பதற்கு என்ன அழகு தெரியுமா? ஆள் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று இலை. தெரியாதவன் பார்த்தால், "இதுக்கா அழுதீங்க?" என்பான். எனக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. மார்கழியில் பிடுங்க வேண்டிய மரவள்ளி இலை பழுத்து உதிர்ந்து நிற்க வேண்டும். இது இப்போதுதான் பிறந்த மாதிரி தளதளவென்று நிற்கிறது. மழையைக் கண்டதும் மொட்டைச் செடி புது இலை விட்டிருக்கிறது. புது இலைக்கு எங்கிருந்து எடுக்கும்? கிழங்கில் சேர்த்து வைத்ததைத்தான் தின்னும்.

முதலில் பள்ளத்தில் இறங்கினோம். நாலு நாள் தண்ணீர் நின்ற இடம். சேகர் ஒரு செடியைப் பிடித்து ஆட்டினான். தூணை ஆட்டுகிற மாதிரி ஆட்டத் தேவையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இருந்த இடத்தில் தோல் மட்டும் பை மாதிரி தொங்கியது. உள்ளே கூழ். புளித்த மாவு நாற்றம் குப்பென்று அடித்தது. அவன் அடுத்த செடிக்குப் போனான், அதற்கடுத்ததற்குப் போனான். "போதும்டா, வா" என்றேன். அவன் கேட்காமல் பதினோரு செடி பிடுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

நடுப்பகுதியில் கிழங்கு இருந்தது. நல்ல கிழங்கை இரண்டு கையிலும் பிடித்து ஒடித்தால் படக்கென்று முறியும், முறிந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். இது வளைந்தது. வளைந்து வளைந்து ஒருவழியாக முறிந்தபோது உள்ளே கண்ணாடி மாதிரி நீர் கோத்திருந்தது. கடைக்கு இது ஆகவே ஆகாது. சட்டியில் போட்டால் எண்ணெய் பொங்கும், சீவல் தொய்ந்து படுத்துவிடும்.

மேட்டுப் பகுதிதான் மிச்சம். அங்கே கலா இருந்தாள். தனியாகக் கொத்திப் பிடுங்கி, ஒவ்வொரு கிழங்கிலும் நுனியைச் சீவி, நாக்கின் முனையில் வைத்துப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு கூடை. குவியல்தான் பெரிசு.

"வாங்கண்ணி" என்று எழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. "காஞ்சு நின்ன கிழங்கு. கசப்பு ஏறிடுச்சு. நான் மொதல்ல நம்பல. ஆவணில தோலை ஊற வெச்ச தண்ணிய ஆடு குடிச்சிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள கால் இழுத்துகிச்சு. சினை ஆடு அண்ணி." மரவள்ளித் தோலுக்கும் இலைக்கும் ஆடு சாகும் என்பது கிழங்கு போடுகிற எல்லாருக்கும் தெரியும். கசக்காத இனிப்பு ரகக் கிழங்குக்கு அவ்வளவு பயம் இல்லை என்றுதான் கலா அசட்டையாக இருந்திருக்கிறாள். இனிப்புக் குச்சியைத்தான் நான் கொடுத்தேன். வறட்சி அதைக் கசப்பாக்கிவிட்டது.

கலாவுக்கு இன்றைக்குக் கிழங்கு வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் வேகவைத்த கிழங்கு விற்கிறாள். முதல் வருஷம் மூன்று மூட்டை கொண்டுபோய் ஒன்பது மணிக்குள் காலி செய்தவள். இன்று காலையிலிருந்து சீவிச் சீவி, கசக்காதது ஒன்றரைக் கூடை தேறியிருக்கிறது. "கலந்து போட்டா யாருக்குத் தெரியும்?" என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். "நடந்து வர்றவங்க கொழந்தைக்கு ஊட்டறாங்க அண்ணி" என்றாள். நானும் உட்கார்ந்து ஒரு கிழங்கின் நுனியைச் சீவி நாக்கில் வைத்தேன்.

வரப்போரம் வேப்பமரத்தடியில் ஆறு கட்டுக் குச்சி நிறுத்தி வைத்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பிடுங்கிய மேட்டுச் செடியின் தண்டு. நிழலில், நேராக, அடிமுனை மண்ணில் பட, மேலே ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தான். பாருங்கள், கிழங்கு போனாலும் விதையைப் பதவிசாக வைத்திருக்கிறானே என்று எனக்கு ஒரு ஆசை பிறந்தது. ஒரு குச்சியை எடுத்து நகத்தால் தோலைக் கீறினேன். இரண்டு நொடியில் வெள்ளையாகப் பால் கசிந்தது. பால் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், ஊன்றினால் முளைக்கும்.

"குச்சி கேட்டு யாருனா வந்தாங்களா?" என்றேன்.

"வருவாங்கக்கா."

சேகர் வேப்பமரத்தில் சாய்ந்து நின்று, "சொல்லுக்கா" என்றான். "தேறுமா?"

தேறாது. அது எனக்குப் பள்ளத்தில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பத்து மாசம் மண்ணுக்குள் கிடக்க வேண்டிய பயிர் இது. பத்து மாசத்துக்கு வானம் ஒழுங்காக இருக்கும் என்று இனி எவன் எழுதிக் கொடுப்பான்? ஆனால் நான் வாயைத் திறந்து, "தேறும்டா. குச்சில பால் இருக்குது. ஒரு வருஷம் பாத்துடலாம் சாமி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அவன் என் முகத்தையே பார்த்தான். "சரிக்கா" என்றான். வாக்குவாதம் செய்வான் என்று நினைத்திருந்தேன்.

மதியம் 12.40. பக்கத்து வீட்டு ரவியின் குட்டியானை வண்டி வந்தது. கிழங்குக் கூடை, இரண்டு அண்டா, உப்பு, மஞ்சள்தூள், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறியது. கடைசியாகச் சேகர் தார்ப்பாயில் சுற்றிய நீளமான ஒரு மூட்டையைத் தூக்கி வந்து பின்னால் கிடத்தினான். "வெறகு" என்றான். நானும் கலாவும் முன்னால் ரவியின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம், சேகர் பின்னால்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டர். மலை தூரத்திலேயே தெரிந்துவிடும். அது அண்ணாமலையான் கொடுத்த தைரியமோ என்னவோ, மலையைக் கண்டதும் பாதி ஊர்க்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ரவியும் போட்டுக்கொண்டான். அவனும் சேகரிடம் குச்சி வாங்கி ஓர் ஏக்கர் நட்டவன். "உன் கிழங்கு என்னாச்சுப்பா?" என்றேன். "கார்த்திகைலயே டிராக்டரை வுட்டு ஓட்டிட்டேன்க்கா. அதான் வண்டி எடுத்துட்டேன்" என்றான். "இனிமே நடவே மாட்டியா?" "யாரு நடறா? நம்ப ஊர்ல சேகரண்ணன்தான் கடைசி ஆளு."

பௌர்ணமி என்றால் ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களில் அப்போதே கூட்டம் கொட்டிக்கொண்டிருந்தது. ரவி வெளிச் சாலை பிடித்து, இரண்டு இடத்தில் தடுப்பைத் தாண்ட முடியாமல் திரும்பி, மூன்றாவது இடத்தில் ஒரு போலீஸ்காரரிடம், "சார், அடி அண்ணாமலைக்குக் கிழங்கு சார், கிழங்கு" என்று கெஞ்சி உள்ளே விட்டான். அவனுக்கு நானூறு ரூபாய் பேச்சு. சேகர் நீட்டியபோது முன்னூறு எடுத்துக்கொண்டு நூறைத் திருப்பிக் கொடுத்தான்.

அடி அண்ணாமலை, 2.30. கலாவின் இடம் ஒரு புளியமரத்துக்கு எதிரில். ஒரு பக்கம் கரும்புச் சாறு, மறுபக்கம் சோளக்கதிர். முன்னால் தள்ளுவண்டி, அதற்குப் பின்னால், காலி மனையில், மூன்று கல் அடுப்பு. கலா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். தோலை உரித்து, துண்டு போட்டு, திறந்த அண்டாவில் கொதிக்கவிட்டாள். மூடி போடவே இல்லை. ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரை வடித்து, ஏற்கெனவே தோண்டி வைத்திருந்த குழியில் ஊற்றி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். "மாடு, ஆடு எதுனா மேயும்" என்றாள். பிறகு புதுத் தண்ணீர், உப்பு, மஞ்சள். கசக்காத கிழங்குக்கும் இதையே செய்தாள்.

நாலரை மணிக்குக் கூட்டம் கூடத் தொடங்கியது. பேப்பர்த் தட்டில் கிழங்கு முப்பது ரூபாய். எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், வெறுங்காலோடு, செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு. சென்னைக்காரி மாதிரி இருந்த ஒரு பெண் அண்டாவை எட்டிப் பார்த்து, "மாவா இருக்குமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வழவழன்னு இருக்கும். இந்த வருஷம் இப்படித்தான்" என்றாள் கலா. அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சோளக்கதிர்ப் பக்கம் நகர்ந்தாள். நான் கலாவின் இடுப்பில் கிள்ளினேன். "வியாபாரத்துல இப்படியாடி உண்மை பேசறது?" கலா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஒரு துண்டை நான் வாயில் போட்டுப் பார்த்தேன். கசக்கவில்லை. உதிரவும் இல்லை. மெழுகை மென்ற மாதிரி பல்லில் ஒட்டியது.

5.45. முதல் அண்டா பாதி தீர்ந்திருந்தது. போன பௌர்ணமியில் மிஞ்சிய கட்டை அதோடு சரி, மூட்டையைப் பிரித்து இரண்டாவதை ஏற்றினார்கள். அப்போதுதான் புகை கிளம்பியது. சாதாரணப் புகை இல்லை. கண்ணைக் கரிக்கிற, வெள்ளைப் புகை. சோளக்கதிர்க்காரர் இருமிக்கொண்டே, "இன்னாம்மா, பச்ச வெறகா?" என்றார். எனக்கும் கண்ணீர் கொட்டியது. "எவன்டா உனக்கு இப்படி ஈர வெறகைத் தலையில கட்டினது? சவுக்குக் கட்டை நாலு வாங்க வக்கில்லியா?" என்று திட்டிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போனேன். சேகர் குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். தார்ப்பாய் பிரிந்து கிடந்தது.

குச்சி. வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த குச்சி. சரிசமமாக நறுக்கிய முனை, உடம்பெல்லாம் இலை விழுந்த தழும்பு, கணுவுக்குக் கணு பச்சை முளை. அடுப்பில் நாலு எரிந்துகொண்டிருந்தது. தீ ஏறாத மறுமுனையில் பால் கொப்பளித்துக்கொண்டு நுரைத்தது.

என்னால் கத்த முடியவில்லை. எனக்குக் கத்துவதைத் தவிர வேறு என்ன தெரியும்? அதுவும் வரவில்லை. "யாருனா கேட்டு வருவாங்கன்னு சொன்னியேடா" என்றேன்.

"யாரும் வரலக்கா. மூணு வாரமா வெச்சிருந்தேன். ரவிய நானே போயி கேட்டேன், எடுத்துக்கோடான்னு. வேணாம்னுட்டான்."

"நான் தேறும்னு சொன்னேனே."

அவன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனான். யாரும் கூப்பிடவில்லை. கலாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்ன பிற்பாடுதான் அண்ணி கட்டைத் தூக்கினாரு. அதுவரைக்கும் நெனப்பு இருந்துச்சு அவருக்கு. நீங்க அந்தாண்ட போனதும் என்கிட்ட சொல்றாரு, 'அக்கா என்னைத் திட்டவே இல்ல கலா. பள்ளத்துல தண்ணிய ஏன்டா வடிக்கலன்னு கேக்கல, ஏன்டா முன்னாடியே புடுங்கலன்னு கேக்கல. சாமின்னு கூப்புடுது. எனக்காகப் பொய் சொல்லுது. அப்போ நெஜமாவே தேறாது'ன்னாரு. நீங்க நாலு வார்த்தை திட்டி இருந்தா நம்பி இருப்பாரு அண்ணி."

மலைக்குக் கிழக்கே நிலா ஏறியிருக்க வேண்டும். பாதையில் போகிறவர்கள் நின்று நின்று கும்பிட்டார்கள். எங்கள் பக்கம் மலைதான் தெரிந்தது. முன்னால் பத்துப் பேர் கிழங்குக்குக் காத்து நின்றார்கள். அண்டா இன்னும் கொதிக்கவில்லை, அடுப்பு தணிந்துகொண்டு வந்தது. பாதி வெந்த கிழங்கை அப்படியே விட முடியாது, அதுதான் விஷம். கலா எழுந்து தட்டுகளை எடுக்கப் போனாள். அடுப்பருகே நான் மட்டும் இருந்தேன். தார்ப்பாயிலிருந்து ஒரு குச்சியை எடுத்தேன். நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. உள்ளே தள்ளினேன். இன்னொன்றையும் எடுத்துத் தள்ளினேன். கொதி வரும்வரை தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சேகர் என்னைத் தற்காலிகப் பேருந்து நிலையம் வரை நடத்திக் கூட்டி வந்தான். கூட்டம் எதிரே வந்துகொண்டே இருந்தது. நாங்கள் இருவர் மட்டும் மலையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தோம். "வேளச்சேரிக்குச் சொல்லிட்டியா?" என்றேன். "மத்தியானமே போன் பண்ணிட்டேன்க்கா. பதினாறாம் தேதி வரச் சொன்னாங்க." பிறகு, "ராத்திரி டூட்டிதான். பகல்ல தூங்கலாம்" என்றான், எனக்கு ஆறுதலாம். "ஏன்டா, எல்லாம் என்னாலதானே?" என்று கேட்டேன். "நீ வெயிலைப் பத்தி சொன்னே, அது சரியாத்தான் இருந்துச்சு" என்றான். இதை அவன் திட்டிச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

7.20 வண்டி. திண்டிவனத்துக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். இறங்குகிற கூட்டத்தில் ஏறுகிறவள் நான் ஒருத்தி. வண்டி கிட்டத்தட்டக் காலி. இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் எதையோ இறக்கி வைத்துவிட்டுப் போவதாகச் சொல்வார்கள். நாளைக்குக் காலையில் நான் கடையைத் திறந்து வாழைக்காய் சீவ வேண்டும். பலகையில் கிழங்கு சிப்ஸ் என்று எழுதியிருக்கிறது. அதை யாரை விட்டு அழிப்பது என்று யோசித்தேன். சேகர் நிலத்துப் பச்சை இன்னும் அந்த வரைபடத்தில் பச்சையாகத்தான் இருக்கும்.

புடவையெல்லாம் புகை நாற்றம். நடத்துனர் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சி, "என்னம்மா, வெறகு வியாபாரமா? லக்கேஜ் எதுனா இருக்கா?" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெறகு என்ற இதே வார்த்தைக்கு வண்டியையே அலற வைத்தவள் நான். மடியில் கோணிப்பை காலையில் மடித்த மடிப்பிலேயே இருந்தது. "ஆமாய்யா, வெறகுதான்" என்றேன். "எல்லாம் எரிஞ்சு போச்சு. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடு."